.308-ஆ, 6.5-ஆ, மேக்னமா: டார்கெட் அடிக்கவும் கையால லோடு பண்ணவும் எந்த ரைஃபிள் எடுக்கறது

என்ற மாமா பையன் சிட்னிக்கு வேலைக்குப் போயி நாலு வருசம் ஆச்சு. போன மாசம் மத்தியானம் நான் சாப்பிட உக்காந்த நேரத்துல போன் பண்ணி, "மச்சா, கிளப்ல சேந்துட்டேன், லைசென்ஸும் வந்துருச்சு, பெரிய போர் (குழல் துவாரம்) ரைஃபிளா ஒண்ணு எடுத்து நானே கூட்டுல பவுடரும் குண்டும் வச்சு தோட்டா லோடு பண்ணி சுடலாம்னு இருக்கேன், .338 லாபுவா எடுத்துக்கட்டுமா?"ன்னு கேட்டான். சோறு ஆறிப் போச்சு, ஒரு மணி நேரம் பேசுனோம். அங்க 11 வருசம் இருந்து வாராவாரம் சுட்டுட்டு, இப்ப பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைல தென்னந்தோப்பப் பாத்துட்டு இருக்கறவன் நான். அவன்கிட்ட சொன்னதையும் சொல்ல விட்டுப் போனதையும் சேத்து இங்க எழுதறேன், வெளிநாட்டுல இதே யோசனைல இருக்கற நம்மாளுகளுக்கு ஆகும்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிர்றேன். இது ஊர்ல செய்யற வேலை இல்லைங்க. இங்க 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கறது குத்தம், வீட்ல பிரஸ்னு தோட்டா லோடு பண்ற அமுக்கு மெஷின் மாட்டி உக்காரலாம்னு யாரும் நெனைக்க வேண்டாம். எங்கூர்ல துப்பாக்கின்னாலே தோட்டத்துல பன்னி விழுந்தா எடுக்கற பன்னெண்டு போர்தான், அது வேற கதை. நான் சொல்றது ஆஸ்திரேலியா மாதிரி கிளப், லைசென்ஸ், ஒவ்வொரு ரைஃபிளுக்கும் தனி பர்மிட்னு சட்டப்படி நடக்கற எடத்துக்கு.

இப்ப .338 (இந்த நம்பரெல்லாம் சுமாரா குண்டோட விட்டம், புள்ளி வச்சது இஞ்சுல, 6.5ங்கறது மில்லிமீட்டர்ல). ஆசை எனக்குப் புரியுது. தோட்டாவக் கைல எடுத்தாலே அந்த கனமும் நீளமும் ஆளை மயக்கிரும். ஆனா எங்க சுடப் போறன்னு மொதல்ல பாக்கோணும். எஃப் கிளாஸ்னு படுத்துட்டு, ரைஃபிள தாங்கல்ல வச்சு, ஸ்கோப்ல பாத்து தூரமா சுடற போட்டில சர்வதேச விதிப்படி ரண்டு பிரிவு. எஃப் டி ஆர்ல .308, .223 ரண்டு மட்டும்தான் விடுவாங்க, ரைஃபிள் எடை 8.25 கிலோவுக்குள்ள. எஃப் ஓப்பன்ல எந்த கேலிபரும் சரி, ஆனா 8 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது, எடை 10 கிலோ வரைக்கும். .338 லாபுவா குண்டோட விட்டம் 8.58 மில்லிமீட்டர். அதாவது ரண்டு பிரிவுலயும் அதுக்கு எடமே இல்லை. உலக அளவுல நடக்கற 300 மீட்டர் போட்டிலயும் அதே 8 மில்லிமீட்டர்தான் வரம்பு. அவ்வளவு காசு போட்டு எடுத்துட்டு வார வாரம் கிளப்ல மத்தவங்க சுடறத வேடிக்கை பாக்கறதா? அது ஒரு மைல், அதுக்கும் மேலன்னு பெரிய நெலம் வச்சிருக்கறவங்க ஆட்டம். நிறையப் பேரு எடுத்து வருசத்துக்கு 50 ரவுண்டு சுட்டு அலமாரில வச்சிருக்காங்க.

லோடு பண்றதுலயும் அதுதான். ஒரு கிலோ பவுடர்ல .308க்கு சுமாரா 350 ரவுண்டு வரும், .338க்கு 170 வந்தா பெருசு. பிராஸ் (சுட்ட பின்னால திரும்ப நெரப்பற பித்தளைக் கூடு) விலை, குண்டு விலை எல்லாமே ஒரு படி மேல. கடைல ரெடிமேட் தோட்டா வாங்குனா .338 ஒண்ணோட காசுக்கு .308 மூணு நாலு வாங்கலாம்.

மீதி இருக்கறது .308 வின்செஸ்டர், 6.5 கிரீட்மூர், .300 வின்செஸ்டர் மேக்னம் (பவுடர் கூடப் பிடிக்கற பெரிய தோட்டா), அப்பறம் கிழவன் .45-70. .30-06-ம் இருக்குது, 1906ல வந்த நல்ல தோட்டா, ஆனா டார்கெட்டுக்குன்னு புதுசா எடுக்கறவனுக்கு .308 செய்யாத எதையும் அது பெருசா செய்யறதில்லை, கூடு 63 மில்லிமீட்டர் நீளம், பவுடர் கூட தின்னும். அத விட்ருவோம்.

நெஜமான போட்டி .308க்கும் 6.5க்கும்தான். அது என்னன்னு புரியோணும்னா காத்தப் பத்திப் பேசோணும், காத்தப் பத்தி பாலக்காட்டுக் கணவாய்க்காரங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ரண்டு பக்கமும் மலை, நடுவுல கெடைக்கற வாசல்ல மொத்தக் காத்தும் புகுந்து வரும். ஆடில எங்க தோப்புல நின்னா மட்டை எல்லாம் கெழக்கு பாத்தே சாஞ்சு கெடக்கும், வரப்புல இருக்கற பனை ஓலை சலசலன்னு ஒரு சத்தம், அது திடீர்னு நிக்கும், நீங்க மூச்சு விடறதுக்குள்ள மறுபடியும் பிடிக்கும். அந்த நிக்கற நேரம்தான் தூரமா சுடறவனக் கவுக்கும். 1000 யார்டு, அதாவது 914 மீட்டர்ல, குறுக்கால மணிக்கு 16 கிலோமீட்டர் காத்து அடிச்சா .308ல 175 கிரெயின் (குண்டோட எடை அளவு) குண்டு கிட்டத்தட்ட ரண்டரை மீட்டர் தள்ளிப் போவும். 6.5 கிரீட்மூர்ல 140 கிரெயின் குண்டு 1.8 மீட்டர் பக்கம். குண்டு ஒல்லியா நீளமா இருக்கறதால காத்தக் கிழிச்சுட்டுப் போவுது, அவ்வளவுதான் சூட்சுமம். இப்ப காத்தோட வேகத்த மணிக்கு 4 கிலோமீட்டர் தப்பாக் கணிச்சீங்கன்னு வச்சுக்கோங்க, .308ல 60 சென்டிமீட்டர் தப்பு, 6.5ல 45. போட்டில அந்த 15 சென்டிமீட்டர்ல ஜெயிக்கறதும் தோக்கறதும் இருக்குது.

அப்ப 6.5தான எடுக்கோணும்? அடுத்த வருசமே போட்டில மேல வரோணும்ங்கறவனுக்கு ஆமாங்க. 2007ல ஹார்னடி கம்பெனி டார்கெட்டுக்குன்னே யோசிச்சு வடிவமைச்ச தோட்டா அது, அதனாலதான் எல்லாம் பொருந்தி வருது, கூட்டோட தோள் (கழுத்துக்குக் கீழ சரிவா இருக்கற பாகம்) கோணம், குண்டு உக்கார வேண்டிய நீளம், பேரல் உள்ள இருக்கற வரி 8 இஞ்சுக்கு ஒரு சுத்து சுத்தற ட்விஸ்ட் எல்லாம். உதையும் கம்மி. உதை கம்மின்னா சொகுசுன்னு மட்டும் நெனைக்காதீங்க, சுட்ட ஒடனே ஸ்கோப் எடத்த விட்டு நகராம இருக்கறதால உங்க குண்டு எங்க போச்சுன்னு நீங்களே பாக்கலாம்.

ஆனா கத்துக்க வர்றவனுக்கு நான் .308தான் சொல்லுவேன், அதுக்கு மூணு காரணம் வச்சிருக்கேன். பேரல் ஆயுசு மொதல்ல. நல்ல .308 பேரல் பொதுவா 5000 ரவுண்டு வரைக்கும் தாங்கும், 6.5 ரண்டாயிரம் ரண்டாயிரத்தி ஐநூறுல தொண்டை (பேரல்ல குண்டு நுழையற எடம்) தேய ஆரம்பிக்கும். வாரம் 60 ரவுண்டு, வருசத்துக்கு 40 வாரம்னா 2400. அப்ப 6.5காரன் வருசா வருசம் பேரல் மாத்தோணும், .308காரன் ரண்டு வருசம் ஓட்டுவான். ரண்டாவது, .308 பழசு, 1952ல வந்தது, ராணுவத்துல 7.62 நேட்டோவா உலகம் பூரா ஓடுனது, அதனால பிராஸ், குண்டு, டை (சுட்ட கூட்ட மறுபடி அளவுக்குக் கொண்டு வர்ற அச்சு), லோடு விவரம் எது வேணும்னாலும் எங்கயும் கெடைக்கும், கிளப்ல பக்கத்துல படுத்துட்டு சுடறவன் கிட்ட கேட்டாக் கூட சொல்லுவான். செகண்ட் ஹேண்ட்ல பழைய ஒமார்க் 44 மாதிரி சிங்கிள் ஷாட் டார்கெட் ரைஃபிள் கொஞ்ச காசுக்கு வரும், ஆரம்பிக்க அது போதும். மூணாவது காரணம்தான் எனக்கு முக்கியம். காத்து தப்பாச்சுன்னா .308 ஒளிக்காம டார்கெட்ல காட்டிரும், 6.5 அந்தத் தப்ப மூடி வச்சுரும். காத்துப் படிக்கக் கத்துக்கறவனுக்கு காட்டிக் குடுக்கற ரைஃபிள்தான் வாத்தியார்.

சிட்னில மலபார்னு ஒரு எடம், அங்கதான் ஆன்சாக் ரேஞ்ச், கடலோரத்துல. மொதல் தடவை போர்டுல பேரப் பாத்தப்ப நம்ம மலபார்தான் ஞாபகம் வந்துச்சு, அப்பறம் விசாரிச்சா 1931ல அந்தக் கரைல மோதி ஒடைஞ்ச மலபார்ங்கற கப்பலோட பேராம். அங்க கடல் காத்து. கொடி ஒரு பக்கம் ஆடும், நடுவுல கெடக்கற கொடி சும்மா தொங்கும். ஸ்பாட்டிங் ஸ்கோப்ல டார்கெட்டுக்கு முன்னால ஃபோகஸ கொஞ்சம் இழுத்துப் பாத்தீங்கன்னா கானல் ஓடறது தெரியும், நம்ம பொள்ளாச்சி ரோட்டுல உச்சி வெயில்ல தார் மேல தண்ணி ஓடற மாதிரி தெரியுமே, அதேதான். அது எடப்பக்கம் ஓடுதா வலப்பக்கம் ஓடுதா, எவ்வளவு சாஞ்சு ஓடுது, இல்ல கொதிக்கற பால் மாதிரி நேரா மேல எந்திரிக்குதான்னு பாத்துட்டே இருக்கோணும். நேரா எந்திரிச்சா காத்து திசை மாறப் போவுதுன்னு அர்த்தம், அப்ப ட்ரிக்கர்ல இருந்து வெரல எடுத்துருங்க.

.308ல ஒரு குறை சொல்லியே ஆவோணும். 1000 யார்டு போறப்ப குண்டோட வேகம் ஒலி வேகத்துக்குப் பக்கத்துல எறங்கிரும், அங்க சில குண்டு தடுமாறும். பழைய 168 கிரெயின் மேட்ச் (போட்டிக்குன்னு செஞ்ச) குண்டு 600 யார்டு வரைக்கும் தங்கம், 1000க்கு அத நம்பாதீங்க. 155 கிரெயின்ல தூரத்துக்குன்னு செஞ்சது இல்லாட்டி 175 எடுத்துக்கோங்க.

.300 மேக்னம் நான் மூணு வருசம் வச்சிருந்தேன், அதனால இத உள்ள இருந்து சொல்றேன். 1963ல வந்தது. தூரத்துக்கு ஓடும், காத்தும் 6.5 அளவுக்கு, நல்ல கனமான குண்டு போட்டா அதுக்கு மேலயும் தாங்கும், எஃப் ஓப்பன் வரம்புக்குள்ளயும் இருக்குது. ஆனா கூட்டோட அடில ஒரு பெல்ட் இருக்குது பாருங்க, லோடு பண்றவனுக்குத் தலைவலி அங்கதான். தோட்டா சேம்பர்ல (பேரல் பின்னால தோட்டா உக்கார்ற எடம்) அந்த பெல்ட்ட ஊனித்தான் நிக்கும், தோள்ப் பக்கம் கொஞ்சம் எடம் விட்டுருக்கும். சுடறப்ப கூடு முன்னால நீண்டு அந்த எடத்த நெரப்பும், நீங்க டை பாக்கெட்ல எழுதிருக்கற மாதிரி முழுசா எறக்கி சைஸ் பண்ணுனா தோள் மறுபடியும் பழைய எடத்துக்குப் போயிரும், அடுத்த தடவை மறுபடியும் நீளும். நாலாவது தடவை சுட்ட கூடு ஒண்ணத் தொடைச்சு வெளிச்சத்துல திருப்பறப்ப பெல்ட்டுக்கு மேல சுத்தி மெல்லிசா பளபளன்னு ஒரு வளையம் தெரிஞ்சுது. பேப்பர் கிளிப்ப நேராக்கி நுனிய மட்டும் வளைச்சு உள்ள விட்டு சுவரோட உரசிட்டே மேல இழுத்தேன், வளையத்துக்கு நேரா நுனி டக்குன்னு ஒரு குழில எறங்குச்சு. ஹேக்ஸா எடுத்து கூட்ட நீளவாக்குல ரண்டா அறுத்துப் பாத்தா உள்ள சுவர் பாதிக்கு மேல தேஞ்சு ஒரு வாய்க்கா வெட்டுன மாதிரி கெடக்குது. இன்னும் ஒரு தடவை சுட்டிருந்தா தலை தனியா வந்திருக்கும், மீதிக் கூடு சேம்பர்ல ஒட்டிருக்கும், காஸ் முகத்துப் பக்கம் பீறிருக்கலாம். அந்த 50 கூட்டையும் நசுக்கிப் போட்டேன். அதுக்கப்பறம் பெல்ட்ட மறந்துட்டு, சுட்ட கூட்டோட தோள அளந்து, அதுல இருந்து 0.05 மில்லிமீட்டர் மட்டும் பின்னுக்குத் தள்ளற மாதிரி டைய செட் பண்ணுனேன், கூடு ஆயுசு கூடுச்சு. இதெல்லாம் கத்துக்கிட்டது நல்லதுதான், ஆனா மொதல் ரைஃபிள்ல கத்துக்க வேண்டிய பாடம் இல்லை. உதையும் அப்படி, 40 ரவுண்டு தாண்டுனா நம்ம தோள் பயப்பட ஆரம்பிக்கும், ட்ரிக்கர் இழுக்கறப்ப கண்ணு தானா மூடும்.

.45-70 பத்தி மனசுல இருந்து சொல்றேன், போட்டிக்கு இல்ல, லோடு பண்ற ஆசைக்கு. 1873ல வந்தது. 1874ல நியூயார்க் பக்கத்துல கிரீட்மூர்ங்கற ரேஞ்ச்ல அயர்லாந்து டீமும் அமெரிக்க டீமும் 800, 900, 1000 யார்டுல மோதுனாங்க, அமெரிக்கா 934, அயர்லாந்து 931. அயர்லாந்துக்காரர் ஒருத்தரு பக்கத்து டார்கெட்ல சுட்டதுக்கு பூஜ்யம் குடுத்தாங்க, அந்த ஒரு குண்டுல போச்சு. இன்னைக்கு 6.5க்கு இருக்கற பேரு அந்த ரேஞ்ச் பேருதான். அந்தக் காலத்து கரும்பவுடர் ரைஃபிளோட வாசம் வேணும்னா .45-70தான், ஈயத்த உருக்கி தகரம் சேத்து அச்சுல ஊத்தி குண்டையும் நீங்களே செய்யலாம். ஒரே ஒரு ஆபத்து, இந்தத் தோட்டாவுக்கு பழைய ட்ராப்டோர் (மேல் மூடியத் தெறந்து தோட்டா போடற) ரைஃபிளுக்கு ஒரு அளவு, லீவர் ரைஃபிளுக்கு ஒரு அளவு, ரூகர் நம்பர் ஒன் மாதிரி பலமானதுக்கு ஒரு அளவுன்னு மூணு வகை லோடு புத்தகத்துல இருக்கும். மூணாவது வகை லோட மொதல் வகை ரைஃபிள்ல போட்டா ரைஃபிளே வெடிக்கலாம். ஒண்ணுக்கு மேல ரைஃபிள் இருந்தா டப்பா மேல பெருசா எழுதி வையுங்க.

பவுடர் விசயத்துலயும் அதே எச்சரிக்கைதான். ஆஸ்திரேலியால .308க்கு ஏஆர் 2208 ஓடும், அமெரிக்கால வார்கெட்னு விக்கறது அதேதான், 6.5க்கு ஏஆர் 2209, அங்க எச் 4350. டப்பா ரண்டும் ஒரே மாதிரி இருக்கும், குச்சி குச்சியா பவுடரும் ஒரே மாதிரி இருக்கும். 2208 வேகமா எரியறது, 6.5க்கு 2209 போட வேண்டிய அளவுல 2208ஐப் போட்டுட்டா பிரஷர் எங்கயோ போயிரும். அதனால மேசை மேல எப்பவும் ஒரே ஒரு டப்பாதான். யாரு சொன்ன லோடும் வேண்டாம், நான் சொன்னாலும் வேண்டாம், பவுடர் கம்பெனி புத்தகத்த எடுத்து கீழ்மட்டத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்திட்டு வாங்க. ராணுவ பிராஸ் கெடைச்சா சுவர் தடிமனா இருக்கும், உள்ள எடம் கம்மி, அதே பவுடருக்கு பிரஷர் கூடும், அதுக்கு தனியா மறுபடியும் கீழ இருந்து வரோணும்.

கடைசில மாப்ளகிட்ட சொன்னது இதான். .308, பழைய ஒமார்க்கோ இல்ல புது டிக்கா ரைஃபிளோ, காசப் பொறுத்து. ஸ்கோப்புக்கு வச்சிருக்கற காசுல கொஞ்சத்தக் கொறைச்சு நல்ல தராசும், காலிப்பரும், தோள் அளக்கற கம்பேரட்டரும் வாங்கு. ஒரே லாட்ல 100 பிராஸ் எடுத்து ஒவ்வொண்ணும் எத்தனை தடவை சுட்டதுன்னு டப்பால எழுதிட்டு வா. ரண்டு வருசம் கழிச்சு அந்த பேரல் தேயறப்ப, அதே ஆக்ஷன்ல (போல்ட் ஓடற உடம்பு) 6.5 பேரல் மாட்டிக்கலாம், ரண்டுக்கும் போல்ட் முகம் (கூட்டோட அடியப் பிடிக்கற எடம்) ஒண்ணுதான். அத சொன்னதுந்தான் அவனுக்கு மனசு ஆறுச்சு. நேத்து மெசேஜ் பண்ணிருக்கான், பர்மிட்டுக்குக் குடுத்துட்டானாம், பிராஸ் வந்துருச்சாம், வாசல்ல கொடிக்குப் பதிலா ஒரு நீளத் துணியக் கட்டி விட்டுட்டு காபி குடிக்கறப்ப எல்லாம் அதையே பாத்துட்டு இருக்கானாம்.