பழைய ஊழியர், புது மேனேஜர்: அதட்டலா, அனுசரிப்பா, பேச்சா?

வாராந்திர மீட்டிங். புதிதாகப் பொறுப்பேற்ற நீங்கள் ஒரு ரிப்போர்ட் முறையை விளக்குகிறீர்கள். பதினைந்து வருடமாக அங்கேயே இருப்பவர், நீங்கள் முடிப்பதற்குள், "இதெல்லாம் முன்னாடியே செஞ்சு பார்த்தாச்சு, சரிவரல" என்கிறார். மற்றவர்கள் குனிந்து நோட்டைப் பார்க்கிறார்கள். அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்றுதான் அத்தனை பேரும் காத்திருக்கிறார்கள்.

பலருக்கும் முதலில் தோன்றுவது அதிகாரத்தைக் காட்டுவது. அன்றைக்கு வாய் அடங்கும். அப்புறம் நீங்கள் சொன்னதை மட்டும் செய்வார், அதற்கு மேல் ஒரு துளி செய்ய மாட்டார். எந்த வாடிக்கையாளர் எதற்குக் கோபப்படுவார், எந்தக் கணக்கு எங்கே இடிக்கும் என்பதெல்லாம் அவர் தலைக்குள்ளேயே தங்கிவிடும். ஆனால் ஒருவரை அவமானப்படுத்துவது, தொல்லை கொடுப்பது, கணக்கில் பொய் எழுதுவது, பாதுகாப்பு விதியை மீறுவது என்றால் பேச்சே வேண்டாம். அன்றே நடவடிக்கை எடுக்க வேண்டும்.

இரண்டாவது வழி அனுசரித்துப் போவது. முதல்முறை மேனேஜரானபோது நான் இதைத்தான் செய்தேன். சீனியர், மனம் நோகக் கூடாது என்று ஆறு மாதம் விட்டுவிட்டேன். அவர் தள்ளிவிட்ட வேலையெல்லாம் சத்தமில்லாமல் ஒரு இளைய ஊழியர் தலையில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு நாள் அந்தப் பெண் ராஜினாமா கடிதத்தோடு வந்து நின்றார். அது முழுக்க என் தவறு. இன்றும் உறுத்துகிறது.

வேறு பிரிவுக்கு மாற்றுவது? அங்கே அவர் திறமைக்கு ஏற்ற வேலை இருந்தால் சரி. இல்லையென்றால் நம் தலைவலியை இன்னொருவருக்குக் கொடுப்பதுதான்.

நேரடியாக ஹெச்ஆரிடம் போய் எழுத்துபூர்வமான மேம்பாட்டுத் திட்டம் போடலாம். வழக்கமாக 30, 60 அல்லது 90 நாள் கெடு, அளந்து பார்க்கக்கூடிய இலக்குகள். நல்ல கருவிதான், முதல் கருவி அல்ல. அவருடைய பழைய மதிப்பீடுகளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் வருடா வருடம் 'நன்று' என்றே இருக்கும். யாருமே குறையைச் சொல்லாத ஒருவருக்கு நீங்கள் வந்த மாதமே கெடு வைத்தால், பழிவாங்கல் என்றுதான் தோன்றும்.

அதனால் என் ஓட்டு தனியாக உட்கார்ந்து பேசுவதற்கு. முதல் பேச்சில் கேட்க மட்டும் செய்யுங்கள். "இங்கே எது நல்லா நடக்குது? எதை மாத்தினா கெட்டுப்போகும்?" இந்தப் பதவியை அவர் எதிர்பார்த்திருந்தாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். கஷ்டமான கேள்விதான், ஆனால் பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கும். பதவி கிடைக்காத வருத்தம் வேறு, புது சாஃப்ட்வேர் பிடிபடாத பயம் வேறு, முறையே தவறு என்ற நியாயமான எதிர்ப்பு வேறு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

குறை சொல்வது இரண்டாவது பேச்சில். தலைமைப் பயிற்சி தரும் சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற அமைப்பு உருவாக்கிய ஒரு முறை இதற்கு உதவும்: சூழல், செயல், விளைவு. "உங்க மனோபாவம் சரியில்ல" என்றால் சண்டைதான். "திங்கட்கிழமை மீட்டிங்ல நான் முடிக்கிறதுக்குள்ள சரிவராதுன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் யாருமே பேசல" என்றால் மறுக்க முடியாது. பேசியதைத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று முறை பேசியும் மாறவில்லை என்றால் மேம்பாட்டுத் திட்டத்துக்கு அந்தக் குறிப்புதான் அடிப்படை.

நான் அடுத்துப் பொறுப்பேற்ற டீமில், வார ரிப்போர்ட்டை எதிர்த்த ஒரு சீனியரிடம் இப்படித்தான் பேசினேன். "அதுல மூணாவது கட்டத்துக்கான தகவலே மாசக் கடைசியிலதான் சார் வரும், வாரா வாரம் எப்படி நிரப்புறது?" என்றார். அவர் சொன்னது சரி. ரிப்போர்ட்டை மாற்றினோம். அவர் மீட்டிங்குக்குத் தாமதமாக வருவது மட்டும் நிற்கவில்லை. அதை எழுத்தில் கொடுத்த பிறகுதான் நின்றது.