டிஸ்க்கை மாற்றினார்கள், தாளை மாற்றவில்லை

அண்ணனுக்கு முதுகில் செயற்கை டிஸ்க் வைத்த ஆபரேஷன், பில், இன்சூரன்ஸ் எதிலும் குறை சொல்ல இடமில்லை. டிஸ்சார்ஜ் பைலில் செருகியிருந்த ஒற்றைத் தாள்தான் இன்னும் ஆறவில்லை. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து மங்கிப்போன 'முதுகுவலிப் பயிற்சிகள்'. மூன்றாவது படத்தில், குப்புறப் படுத்துக் கைகளை ஊன்றி, நெஞ்சைத் தூக்கி முதுகைப் பின்னால் வளைக்க வேண்டும். காலை பத்து தடவை, மாலை பத்து தடவை. அண்ணனுக்கு மாற்றியது எல்5-எஸ்1, அதாவது இடுப்புக்கு மேலே கடைசி முதுகெலும்புக்கும் அதற்குக் கீழுள்ள எலும்புக்கும் நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க். அவர் செய்யவே கூடாததும் அந்தப் பின்வளைவுதான்.

டிஸ்க் பிதுங்கிய சாதாரண முதுகுவலிக்காரருக்கு அந்தப் பயிற்சி பலநேரம் இதம் தரும். தாளும் அவர்களுக்காக அச்சடித்ததுதான். செயற்கை டிஸ்க் வைப்பதோ வயிற்றுப் பக்கமாக. குடலை ஒதுக்கி, பெரிய ரத்தக் குழாய்களை நகர்த்தி, முதுகெலும்பின் முன்பக்கத் தசைநாரையும் டிஸ்க்கின் முன்சுவரையும் வெட்டித்தான் உள்ளே போவார்கள். உலோகத் தகட்டின் பற்களும் அழுத்தமும்தான் முதலில் செயற்கை டிஸ்க்கைப் பிடித்து நிற்கும். எலும்பு வளர்ந்து பற்றிக்கொள்ள மாதக்கணக்காகும். அதற்குள் பின்னால் வளைந்தால் முன்பக்க இடைவெளி விரியும், டிஸ்க் முன்னே நகரலாம். முன்னே இருப்பது அந்தப் பெரிய ரத்தக் குழாய்கள். முதுகெலும்புகளைப் பின்பக்கம் இணைக்கும் ஃபேசட் என்ற சிறு மூட்டுகளிலும் பாரம் ஏறும். பிசியோவிடம் காட்டியதும் "அட, ஆமாம்" என்று பேனாவால் அடித்துவிட்டார். மேஜையில் இருந்த அடுக்கில் மற்ற தாள்கள் அப்படியே இருந்தன.

வீட்டில் "குனியாதே, குனியாதே" என்று ஒரு கோரஸ். முதுகு பின்னால் வளைய, பரணில் எட்டி எதையாவது எடுக்கும்போது யாரும் தடுப்பதில்லை! குனிவதிலும் கட்டுப்பாடு உண்டுதான். பளு தூக்குவது, சம்மணம் போடுவது, இந்தியன் டாய்லெட்டில் குந்துவது எல்லாம் ஆறு வாரத்துக்கு வேண்டாம். கமோட் நாற்காலி வாடகைக்குக் கிடைக்கிறது. ஆனால் படுக்கையே கதி என்று கிடப்பதுதான் பெரிய கெடுதல். மறுநாளே எழுந்து நடக்க வேண்டும், சிறுசிறு நடையாக, பல வேளை. தொடர்ந்து உட்காருவது அரை மணியைத் தாண்ட வேண்டாம்.

பிரிட்டனில் இந்த ஆபரேஷனுக்கே வழி குறைவு. முதுகுவலிக்கு டிஸ்க் மாற்று வேண்டாம் என்று 2016-இல், எந்தச் சிகிச்சை தரலாம் என்று பரிந்துரைக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் சொல்லிவிட்டது. அங்கே பிசியோவுக்குக் காத்திருந்தே தலை நரைக்கும். ஆனால் கடைசியில் கைக்கு வரும் தாள் அவரவர் செய்துகொண்ட ஆபரேஷனுக்கானதாக இருக்கும்.

அங்கே கிடைக்காத ஒன்றும் இங்கே இருந்தது. விடியற்காலையில் வார்டு சிஸ்டர் வந்து, "காத்துப் பிரிஞ்சுதாண்ணே?" என்று கூச்சமில்லாமல் கேட்பார். வயிற்று வழி ஆபரேஷனில் குடல் மந்தமாகிவிடும். வாயு பிரியும்வரை திட உணவு கிடையாது. தூக்குச்சட்டியில் இட்லியோடு வந்த சித்தப்பாவை அவர் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். சித்தப்பாவுக்குக் கோபம்தான், நியாயம் சிஸ்டர் பக்கம். வலிக்குத் தரும் டிராமடால் மாத்திரை மலச்சிக்கலைக் கூட்டும். முக்கினால் தையலுக்கு ஆகாது. சாப்பிடத் தொடங்கியபின் இசப்கோலும் தண்ணீரும் தாராளமாக எடுக்கலாம்.

யாரும் சொல்லாத இன்னொன்று: ஒரு கால் சூடாகவும் மற்றது குளிர்ந்தும் தோன்றலாம். முதுகெலும்பை ஒட்டி, காலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி விரிக்கும் சிம்பதடிக் நரம்பு சீண்டப்பட்டதன் விளைவு, பெரும்பாலும் தானே சரியாகும். ஆனால் பாதம் வெளுத்து ஜில்லிட்டாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ரத்த ஓட்டத் தடையாகவோ ரத்தக் கட்டியாகவோ இருக்கலாம். ஆண்களுக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் பின்னோக்கிப் போகும் சிக்கலும் அபூர்வமாக வரும். குழந்தை வேண்டுவோர் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தேறுவதில் பாதி, கத்தி வைக்குமுன்பே தீர்மானமாகிவிடுகிறது. எலும்பு மெலிந்திருந்தால் தகடு அதற்குள் அமிழ்ந்துவிடலாம், அதற்குத்தான் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். ஃபேசட் மூட்டு முன்பே தேய்ந்திருந்தால், டிஸ்க் எவ்வளவு நன்றாக அமர்ந்தாலும் வலி தொடரும். பல வருட வலி, நாட்பட்ட வலி மாத்திரைப் பழக்கம், மனச்சோர்வு, புகை எல்லாமே தேறுதலை இழுத்தடிக்கும்.

வெளிநாடு திரும்புபவர்கள் டிக்கெட் போடுமுன் நீண்ட பயணத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எக்ஸ்ரே சிடியும், தயாரிப்பாளர் பெயரும் லாட் எண்ணும் உள்ள இம்ப்ளான்ட் ஸ்டிக்கரும் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் அந்த ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டோடு மருத்துவமனையிலேயே தங்கிவிடும்.