ஊதியூர்ச் சாலையில் ஒரு தெளுவுக் கொட்டகை

காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் ஊதியூர் மலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் இடப்பக்கம் ஒரு மண்தடம் பிரிகிறது. இருபுறமும் கிளுவை வேலி. கூப்பிடு தூரத்தில் பனையோலை வேய்ந்த கொட்டகை. பெயர்ப்பலகை கிடையாது. வேலிக் கல்லில் சாய்த்த தகரத்தில் சுண்ணாம்பால் ‘தெளுவு’ என்று எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மற்ற ஊர்க்காரர்கள் பதநீர் என்பதை நாங்கள் தெளுவு என்போம்.

நான்கு வாரமாக ஞாயிறுதோறும் திருப்பூரிலிருந்து அங்கே போய்வருகிறேன். முப்பது ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். என் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, மூலனூர்ப் பக்கம் பனையேறியவர். இந்தக் கடையைப் பற்றி எழுத இந்த இரண்டு தகுதிகள் போதும் என்று நினைக்கிறேன்.

போகத் தூண்டியது ஒரு திராட்சைத் தோட்டம். போன மாசியில், பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் என்னை நந்திமலை அடிவாரத்துக்கு, தொட்டபள்ளாபுரம் பக்கம் அழைத்துப்போனான். வைனுக்கென்றே வளர்க்கும் திராட்சை, அறுவடைக் காலம். ஓர் இளைஞர் எங்களைச் சுற்றிக் காட்டினார். முதலில் வெள்ளை வைன், பிறகு சிவப்பு. கோப்பையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நிறம் பார்க்க வேண்டும், பிறகு மோந்து பார்க்க வேண்டும், பிறகு ஒரு மடக்கை நாக்கில் நிறுத்த வேண்டும் என்றார். நான் இரண்டு மடக்குதான் குடித்தேன். ஆனால் அவர் பேச்சை ஒரு சொல் விடாமல் கேட்டேன். எந்த மண், எந்தச் சரிவு, எந்த மாதத்தில் அறுத்தது என்று அவர் அடுக்க, சுற்றி நின்ற முப்பது பேரும் வாய் திறக்காமல் கேட்டார்கள். ஒரு வாய் தெளுவை வைத்தே எந்த மரத்தினது என்று சொல்லிவிடுவார் என் அப்பிச்சி. அவரைச் சுற்றி இப்படி ஒருநாளும் யாரும் நின்று கேட்டதில்லை. ஊர் திரும்பும் வழியெல்லாம் அதே நினைப்பு.

இந்தக் கொட்டகையில் நிற்கலாம், கேட்கலாம். அதுதான் இதன் முதல் சிறப்பு. கணவர் மரமேறுகிறார், மனைவி ஊற்றிக் கொடுக்கிறார். அவர் ஏறுவது பதினெட்டு மரம், காலையும் மாலையும். ஆறே காலுக்குப் போய்விட்டால், இறக்கிய கலயங்களை ஒன்றாகக் கொட்டிக் கலப்பதற்கு முன்பே தனித்தனியாகச் சுவைத்துப் பார்க்கலாம். முதல் வாரம் நான் தயங்கியபடி கேட்டபோது, “கேட்பதற்கு ஆள் வந்ததே சந்தோஷம் அம்மிணி” என்று மரமேறுகிறவர் மூன்று கலயங்களை வரிசையாக வைத்தார்.

முதலாவது குட்டைக்கரைப் பெண்பனையின் தெளுவு. இளநுங்குத் தண்ணீர்போல லேசானது. விழுங்கிய பிறகே இனிப்பு தெரிந்தது. இரண்டாவது மேட்டுக்காட்டு வரப்பில் நிற்கும் ஆண்பனையினுடையது. கனம் அதிகம். சீவிய பாளையின் பச்சை வாசம், அதன் பின்னால் புதுக் கலயத்தின் மண்வாசம், கடைசியில் நாக்கின் இரு ஓரங்களிலும் சுண்ணாம்பின் மெல்லிய பிடிப்பு. ஐஸ் கிடையாது, விடியற்காலைக் காற்றில் ஆறிய குளிர்ச்சிதான். ஐஸ் போட்டிருந்தால் இந்த வேறுபாடு எதுவும் தெரிந்திருக்காது.

மூன்றாவது கலயத்தை நீட்டவந்தவர் மூக்கருகே கொண்டுபோய், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். “இது வேண்டாம் டீச்சர், சுண்ணாம்பு பற்றவில்லை” என்றார். நான் பையில் லிட்மஸ் தாள் வைத்திருந்தேன். சுண்ணாம்பு போன்ற காரம் பட்டால் சிவப்புத் தாள் நீலமாகும், புளிப்பு பட்டால் நீலத் தாள் சிவக்கும். முதலிரண்டு கலயங்களிலும் சிவப்புத் தாள் நீலமானது. மூன்றாவதில் நீலத் தாளை நனைத்தேன், மெல்லச் சிவந்தது. கலயத்தின் ஓரத்தில் கடுகளவுக் குமிழ்கள் ஒவ்வொன்றாக மேலே வந்துகொண்டிருந்தன. தாள் சொல்வதற்கு முன்பே அவர் மூக்கு சொல்லிவிட்டது.

அந்தத் திராட்சைத் தோட்டத்தில் பெரிய தொட்டிகளில் நடப்பதும் இந்தக் கலயத்தில் தொடங்கியிருந்ததும் ஒன்றேதான். சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று சாராயச் சத்தாக மாற்றுகிறது. குமிழ் அதன் மூச்சு. திராட்சையில் அதை வரவேற்கிறார்கள். தெளுவில் சுண்ணாம்பு பூசி நிறுத்திவைக்கிறார்கள். கலயத்தின் உட்புறம் பூசும் சுண்ணாம்பு குறைந்தால் பொழுது ஏறுவதற்குள் கள்ளாகிவிடும். கூடினால் தொண்டையை அறுக்கும், அடியில் மண்டி தங்கும். தமிழ்நாட்டில் 1987இலிருந்து கள்ளுக்குத் தடை. கோபாலபுரம் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இருக்கின்றன. ஆகவே இவருக்குச் சுண்ணாம்பின் அளவு சுவைக் கணக்கு மட்டும் அல்ல, பிழைப்புக் கணக்கும்தான். மூன்றாவது கலயத்தை அவர் பனையடியிலேயே கவிழ்த்தார். காய்ச்சினாலும் கருப்பட்டி இறுகாது, இளகிப்போகும் என்றார்.

எத்தனையோ கோடைகளில் பெருஞ்சாலை ஓரங்களில் தெளுவு வாங்கிக் குடித்திருக்கிறேன். இந்த வருடமும் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினேன். பானை, ஓலை, நுங்கு எல்லாம் கண்ணுக்கு அழகாக வைத்திருந்தார்கள். குடித்து அரை மணி நேரம் ஆகியும் நாக்கை விட்டு இனிப்பு இறங்கவில்லை, ஒரு கசப்பும் கூடவே வந்தது. மீதியில் தாளை நனைத்தால் சிவப்பும் மாறவில்லை, நீலமும் மாறவில்லை. சுண்ணாம்பு பட்ட தெளுவு அப்படி இருக்காது. அது வேறு எதுவோ கலந்த வெறும் தண்ணீர். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. உயிரைப் பணயம் வைத்து மரமேறுகிறவரின் பெயரில் அல்லவா அதை விற்கிறார்கள்!

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நீராவையும், அதாவது தென்னம்பாளையிலிருந்து இறக்கும் புளிக்காத சாற்றையும், சொல்ல வேண்டும். 2017இல் அரசு அனுமதி அறிவித்த பிறகு வந்தது அது. சுண்ணாம்பு இல்லாமல், பாளையிலேயே குளிர்பெட்டி கட்டி இறக்குகிறார்கள். தோப்பில் நின்று குடித்தபோது அருமையாக இருந்தது. அதையே பாட்டிலில் அடைத்து வாங்கிக் குடித்தபோது காய்ச்சிய வாசம்தான் முன்னால் நின்றது. வசதியானது, சுத்தமானது, மறுக்கவில்லை. ஆனால் எந்த மரம், எந்த நாள் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை.

இனி, போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். ஓலைப் பட்டையில் நுங்கு போட்டு 40 ரூபாய், லிட்டர் 70 ரூபாய். பட்டையின் இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, ஓலை மடிப்பில் உதட்டை வைத்துக் குடிக்க வேண்டும், ஊற்றிக் கொடுக்கும் அக்கா சொல்லிக்கொடுப்பார். ஏழரைக்குள் போய்விட வேண்டும். ஒன்பது மணிக்குப் போன என் தங்கைக்கு வெறும் நுங்குதான் கிடைத்தது. கூட்டம் சேர்ந்து ஓலை தீர்ந்தால் பிளாஸ்டிக் டம்ளரை எடுக்கிறார்கள். அதை விட்டுவிட வேண்டும் என்று அக்காவிடமே சொன்னேன். பனை நிற்கிற இடத்தில் ஓலைக்கா பஞ்சம்! கழிப்பறை கிடையாது. செல்போனில் பணம் அனுப்ப அங்கே சிக்னல் கிடைப்பதில்லை, சில்லறை எடுத்துப்போவது நல்லது. வீட்டுக்கு வாங்கினால் பாட்டில் மூடியை இறுக்கக் கூடாது. மழை பெய்த மறுநாள் போக வேண்டாம் என்று அவரே சொல்கிறார், தெளுவு நீர்த்திருக்குமாம்.

ஆனி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்தப் பக்கம் வெறிகொண்டு வீசும். அடிவானம் நெடுகக் காற்றாலைகள் சுற்றுகின்றன; அந்தக் காற்றில்தான் இவர் காலில் தளைநாரை மாட்டிக்கொண்டு ஏறுகிறார். பாளையைச் சீவுவதைப் பார்க்க வேண்டுமென்று கேட்டேன். வெட்டி இறக்கியிருந்த ஒரு பாளையைக் கொட்டகையில் உட்கார்ந்து சீவிக் காட்டினார். அரிவாள் நகர்ந்ததே தெரியவில்லை. வெங்காயத் தோல் கனத்துக்கு ஒரு சீவல் அவர் முழங்காலில் விழுந்தது. அதைவிடத் தடித்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும், மெலிந்தால் பழைய வாய் அடைத்துக்கொள்ளும் என்றார். அவர் வலது கட்டைவிரலின் பக்கவாட்டில் அரிவாள் பிடி தங்கித் தங்கி ஒரு பள்ளமே விழுந்திருக்கிறது.

பருவம் முடியும் ஆனிக் கடைசி ஞாயிறன்று வழக்கமாக வருகிறவர்களை எல்லாம் வரச் சொல்லியிருந்தார்கள். முப்பது பேர் இருப்போம். வெள்ளக்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவர், காங்கயத்து எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் தம்பதி, தாராபுரத்துக் கல்லூரிப் பெண்கள் இருவர். காலை ஏழுக்கு அண்டாவில் தெளுவை ஊற்றிப் பனைமட்டையால் தீ மூட்டினார்கள். நுரை பொங்கி விளிம்பைத் தொட்டபோது அக்கா நசுக்கிய கொட்டமுத்தை (ஆமணக்கு விதையை) ஒரு சிட்டிகை தூவினார். கண் எதிரே நுரை அப்படியே அமிழ்ந்தது. வெளிறிய நிறம் தேனாகி, தேன் புளிக்கரைசலாகக் கறுத்தது. துளி எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டினார், உருண்டை பிடித்தது. நனைத்த கொட்டாங்கச்சிகளை மணலில் பதித்து ஊற்றினார்கள். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். கேள்விகள் அதன்பிறகுதான் வந்தன. அந்தக் கல்லூரிப் பெண்கள் ஒவ்வொரு மரத்தின் வயதையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். மரமேறுகிறவர் ஒவ்வொன்றாகக் கைகாட்டிச் சொன்னார். அந்த அரை மணி நேரத்துக்காக மட்டுமே நான் அங்கே திரும்பவும் போவேன்.

அரிசியைத் தெளுவிலேயே வேகவைத்துப் பொங்கலும் வைத்தார்கள். ஏலக்காய் தூக்கலாக விழுந்து தெளுவின் வாசத்தை மறைத்துவிட்டது, ஏலக்காயே வேண்டியதில்லை. கருப்பட்டி கிலோ 600 ரூபாய். எட்டு லிட்டர் காய்ச்சினால் ஏறக்குறைய ஒரு கிலோ தேறும். விறகும் புகையில் நின்ற உழைப்பும் தனி. விலை அதிகம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. இரண்டு கிலோ வாங்கினேன்.

பக்கத்துக் காட்டில் முன்பு பத்துப் பனை நின்றதாம், எல்லாம் செங்கல் சூளைக்குப் போய்விட்டன. 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பை அவர் செய்தித்தாளிலிருந்து வெட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொட்டகைத் தூணில் கட்டிவைத்திருக்கிறார். புது வடலிகளும் (இளம்பனைகள்) வேலி ஓரமாக எழுந்திருக்கின்றன. அவை பாளை விட இன்னும் பல வருடங்கள் ஆகும்.

நான் கிளம்பும்போது அக்கா கலயங்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். தை பிறந்து ஆண்பனையில் பாளை வந்ததும் கூப்பிடுவதாகச் சொல்லி என் எண்ணைக் கேட்டார். சுவரோரம் கிடந்த சுண்ணாம்புக் கட்டியால், தகரத்தில் ‘தெளுவு’ என்ற சொல்லுக்குக் கீழே எழுதிவைத்துவிட்டு வந்தேன்.