உமா குமரன் என்ன பேசினார், எப்படி வாக்களித்தார்: ‘தே வேர்க் ஃபோர் யூ’ தளம் பற்றி ஒரு டீச்சரின் மதிப்பீடு

2024 ஜூலை 4 பிரித்தானியத் தேர்தல் முடிந்த கையோடு இலங்கை மலையகத்தில் எங்கள் ஹட்டன் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் உமா குமரனின் படம்தான் சுற்றியது. அந்தப் பாராளுமன்றத்துக்குத் தெரிவான முதல் தமிழ்ப் பெண். சந்தோஷமான செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் மாலை போட்ட படங்கள் சீக்கிரமே ஓய்ந்துவிட்டன. அப்புறம் அவர் அங்கே போய் என்ன செய்கிறார் என்று கேட்டால் படம் அனுப்பியவர்களுக்கே தெரியவில்லை. நான் உயர்தரத்துக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிப்பதால் பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்காகத் தேடி, இப்போது பாடத்தில் வழக்கமாகப் பாவிக்கும் இணையத்தளம்தான் ‘தே வேர்க் ஃபோர் யூ’.

2004இல் தொடங்கியது. மைசொசைட்டி என்ற தொண்டு அமைப்பு நடத்துகிறது. காசு கட்டத் தேவையில்லை, வாசிப்பதற்குக் கணக்கும் திறக்கத் தேவையில்லை. பிரித்தானியப் பாராளுமன்றத்தின் ஹன்சாட்டை, அதாவது சபையில் பேசியதன் எழுத்துப் பதிவை எடுத்து, யார் என்ன பேசினார் என்று ஆள்வாரியாகப் பிரித்துப் போடுவதுதான் வேலை. பெரும்பாலும் எழுத்து மட்டும் என்பதால் பக்கம் சட்டென்று திறக்கும். டிக்கோயாவுக்கு மேலே மேட்டில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் என்கிற பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

உமா குமரனின் வாழ்க்கைக் கதை வேண்டும் என்று போனால் ஏமாந்துதான் திரும்புவீர்கள். யுத்தத்துக்குத் தப்பிப் போன ஈழத்துப் பெற்றோரின் மகள், கிழக்கு லண்டனில் பிறந்தவர், குயின் மேரி பல்கலைக்கழகத்தில் படித்தவர், 2015இல் ஹரோ கிழக்குத் தொகுதியில் தொழிற்கட்சிக்காக நின்று கன்சர்வேட்டிவ் கட்சியின் பொப் பிளக்மனிடம் தோற்றவர், பிறகு லண்டன் மேயர் சாதிக் கானிடமும் நகரங்களின் காலநிலைக் கூட்டமைப்பான சி40இலும் வேலை செய்தவர் என்பதையெல்லாம் வேறு இடங்களில் பொறுக்கித்தான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். முதல் தோல்விக்கும் வெற்றிக்கும் இடையில் ஒன்பது வருஷம். வாட்ஸ்அப் படங்களில் அந்த ஒன்பது வருஷம் இல்லை. இந்தத் தளத்திலும் இல்லை என்பது எனக்குக் குறைதான்.

ஆனால் சபைக்குள் நுழைந்த நாளிலிருந்து எல்லாம் இருக்கிறது. பெயரைத் தட்டினால் ஸ்ட்ராட்போர்ட் அன்ட் போ தொகுதி, கட்சி, வெளிவிவகாரத் தெரிவுக்குழு உறுப்புரிமை, பேச்சுகள், எழுத்துமூலக் கேள்விகள் என்று வரிசையாக வரும். எனக்குப் பிடித்தது எழுத்துமூலக் கேள்விகள்தான். எந்த அமைச்சிடம், எந்தத் திகதியில் கேட்டார் என்று இருக்கும். அதற்குக் கீழேயே அமைச்சரின் பதிலும் இருக்கும். பதில் நழுவுகிறதா, நேராக வருகிறதா என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்கள். மேடைப் பேச்சை விட இதில்தான் ஓர் உறுப்பினரின் உழைப்புத் தெரியும்.

விவாதங்களை வாசிக்கும்போது, எழுந்து பேசும் யாரும் இன்னொருவரைப் பெயர் சொல்லி அழைக்காததைப் பார்த்துவிட்டு, “பேரே சொல்ல மாட்டாங்களா டீச்சர்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். மாட்டார்கள். இன்ன தொகுதியின் உறுப்பினர் என்றுதான் சொல்ல வேண்டும், பெயர் சொல்லி அழைப்பது சபாநாயகர் மட்டும். ஒரு தொகுதிக்கு ஒரே உறுப்பினர் என்பதால் அங்கே அது சரிவருகிறது. நுவரெலியா மாவட்டத்துக்கு எட்டு உறுப்பினர்கள். இங்கே அப்படி அழைத்தால் எட்டுப் பேரும் எழும்புவார்கள்.

அந்த ‘போ’ பகுதியைப் பற்றிப் பாடத்துக்கு வெளியே ஒன்று சொன்னேன். 1888இல் அங்கேயிருந்த பிரையன்ட் அன்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையில் ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். குறைந்த கூலி, அதிலும் சின்னச் சின்னத் தவறுக்கெல்லாம் தண்டம் என்று வெட்டு. பறித்த கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. தோட்டத் தொழிலாளரின் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளப் போராட்டம் பற்றி அன்றைக்கு அவர்கள்தான் எனக்குப் பாடம் நடத்தினார்கள்.

வாக்களிப்புப் பதிவு என்ற பகுதியைக் கொஞ்சம் கவனமாக வாசிக்க வேண்டும். ஆளுங்கட்சியான தொழிற்கட்சியின் புதிய உறுப்பினர்களில் அநேகமானவர்களின் பதிவு அச்சில் வார்த்த மாதிரி ஒரே மாதிரி இருக்கும். காரணம், கட்சி சொல்கிறபடி வாக்களிக்க வைக்கும் கட்சிக் கொறடா. 2024 ஜூலையில், இரண்டு பிள்ளைகளுக்கு மேல் கொடுப்பனவு இல்லை என்ற விதியை நீக்கச் சொன்ன திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்த தொழிற்கட்சி உறுப்பினர்கள் ஏழு பேரை, தேர்தல் முடிந்து மூன்று வாரம் ஆவதற்குள் கட்சியின் பாராளுமன்றக் குழுவிலிருந்து ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். இந்தப் பின்னணி தெரியாமல் அந்தப் பட்டியலைப் பார்த்து ஓர் ஆளை எடைபோட முடியாது. பேச்சையும் கேள்வியையும் சேர்த்துப் பாருங்கள். நலன்கள் பதிவேட்டையும் விடாதீர்கள். யாரிடமிருந்து நன்கொடை வந்தது, வேறு வருமானம் உண்டா என்பது அதில் இருக்கும்.

தெரிவுக்குழு விசாரணைகளுக்குப் பாராளுமன்றத்தின் சொந்தத் தளத்துக்குத்தான் போக வேண்டும். தமிழும் கிடையாது. நான் ஒரு பக்கத்தை அச்செடுத்து, கடினமான இடங்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதிக் கொடுக்கிறேன். உலாவியின் மொழிபெயர்ப்பை நம்பினால் சபை நடைமுறைச் சொற்கள் கந்தலாகிவிடுகின்றன.

நம் நாட்டுக்கும் மந்திரி.எல்கே என்று ஒன்று இருக்கிறது, வெரிட்டே ரிசர்ச் நடத்துவது. ஹன்சாட்டை வைத்து உறுப்பினர்களின் பங்களிப்பை அளந்து வரிசைப்படுத்துகிறது, தமிழிலும் இருக்கிறது. எனக்கு வரிசையை விட வார்த்தை வேண்டும். 2024 நவம்பரில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் தெரிவானார்கள், மலையகத் தமிழ்ப் பெண்களில் முதன்முதலாக. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தோடு நாடற்றவர்களாகி, அடுத்த வருஷமே வாக்குரிமையையும் இழந்த சனத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! அவர்கள் சொன்ன ஒரு வசனத்தைத் தேட நான் நீளமான ஹன்சாட் பிடிஎஃப்பை உருட்டுகிறேன். ஸ்ட்ராட்போர்ட் உறுப்பினர் சொன்னதை ஹட்டன் பஸ்ஸில் இருந்தபடியே வாசிக்கிறேன். எரிச்சலாகத்தான் இருக்கிறது.

பாவிக்கப் போகிறவர்களுக்கு: முகப்பில் தபால் குறியீடு கேட்கும், அது அங்கே வசிப்பவர்களுக்கு. நீங்கள் பெயரைப் போட்டே தேடலாம். மின்னஞ்சல் அறிவித்தல் வசதியை உமா குமரனின் பெயருக்குப் போடுங்கள். இலங்கை என்ற சொல்லுக்கும் ஆங்கிலத்தில் ஒன்று போடலாம், ஆனால் கிரிக்கெட்டும் தேயிலையும் சேர்ந்தே வரும்.