பீரோ பட்டறையில் இரண்டு பெட்டி முறை: ஆறு ஆண்டு அனுபவம்

திருநெல்வேலி பேட்டைப் பக்கம் பீரோ பட்டறை நடத்துகிறேன். ஏழு பேர் வேலை செய்கிறார்கள். 78 அங்குல உயரம், 36 அங்குல அகலம், 19 அங்குல ஆழத்தில் செய்யும் கல்யாணச் சீர் பீரோதான் எங்கள் பிழைப்பு. 2019 ஆவணியில் பூட்டு, கைப்பிடி போன்ற உதிரிகளுக்கு இரண்டு பெட்டி முறையையும், தகட்டுக்குக் கணினி இருப்புக் கணக்கையும் ஒரே வாரத்தில் தொடங்கினோம். பெட்டி முறையை இனி எந்த நாளும் விடமாட்டேன். கணினிக் கணக்கைப் பாதி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறேன். திட்டமிடாமல் பின்னால் வந்து சேர்ந்த மூன்றாவது மாற்றம் ஒன்று உண்டு. பட்டறையை நிமிர்த்தியது அதுதான்.

முதலில் பெட்டி. பூட்டு, கைப்பிடி, கீல், ரிவெட் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெட்டிகள். முதல் பெட்டி காலியானதும் இரண்டாவதைத் திறக்க வேண்டும். அதில் கட்டியிருக்கும் அட்டையைக் கழற்றி என் மேசைக்கு மேலுள்ள ஆணியில் மாட்ட வேண்டும். அட்டை ஆணிக்கு வந்தால் அன்றே ஆர்டர் போய்விடும். டொயோட்டா தொழிற்சாலையில் டாய்ச்சி ஓனோ வளர்த்தெடுத்த கான்பன் முறையின் எளிய வடிவம் இது. வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கு மட்டும் அலமாரியை நிரப்பும் அமெரிக்க சூப்பர் மார்க்கெட் வழக்கத்திலிருந்துதான் அவருக்கு இந்த எண்ணம் பிறந்தது.

இரண்டாவது பெட்டியில் எத்தனை இருக்க வேண்டும் என்பதில்தான் நாங்கள் முதலில் தவறினோம். நாளைக்கு இரண்டு பீரோ. பூட்டு லாரி பார்சலில் வந்து சேர எட்டு நாள். ஆகவே 16 போதும் என்று கணக்கிட்டேன். அந்த ஐப்பசியில் தீபாவளி நெரிசலில் பார்சல் ஐந்து நாள் தாமதமாயிற்று. பூட்டில்லாத பீரோக்கள் பட்டறையில் வரிசையாக நின்றன. அதன்பின் தாமதத்துக்கென்று பத்து சேர்த்து 26 ஆக்கினோம். இன்றுவரை அந்த எண்ணை மாற்றவில்லை.

ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குவது என்பது தனிக் கேள்வி. முன்பெல்லாம் தள்ளுபடிக்காக 500 பூட்டு வாங்கிப் போடுவேன். 1913இல் ஃபோர்டு ஹாரிஸ் என்ற பொறியாளர் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்திருக்கிறார். ஆண்டுத் தேவையை ஒரு ஆர்டருக்கு ஆகும் செலவால் பெருக்கி, அதை இரட்டிப்பாக்கி, ஒரு பொருளை ஓராண்டு வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். எனக்கு ஆண்டுக்கு 600 பூட்டு. பார்சல் கட்டணம், ஆட்டோ எல்லாம் சேர்த்து ஆர்டருக்கு 300 ரூபாய். ஒரு பூட்டை வைத்திருக்க 10 ரூபாய். விடை ஏறத்தாழ 190. சற்று முன்பின் ஆனாலும் செலவு பெரிதாக மாறாது என்பது இந்தச் சூத்திரத்தின் நல்ல குணம். நான் 200 வாங்குகிறேன்.

சங்கடம் மனிதப் பழக்கத்தில் வந்தது. "அண்ணாச்சி, அட்டையைச் சட்டைப் பையில் வைத்தேன், வீட்டில் துவைத்துவிட்டார்கள்" என்று மூத்த ஃபிட்டர் ஒருநாள் வருத்தத்தோடு வந்து நின்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை நடுவே கையில் கிடைத்ததைப் பையில் போடுவது இயல்பு. இரண்டாவது பெட்டியின் மூடியைக் கம்பியால் கட்டி, அந்தக் கம்பியிலேயே தகட்டில் செய்த அட்டையைக் கோத்தோம். கம்பியை வெட்டாமல் பெட்டி திறக்காது. வெட்டினால் அட்டை கையோடு வரும். அன்றிலிருந்து ஒரு அட்டையும் தொலையவில்லை.

தகட்டுக்கு இந்த முறை பொருந்தாது. தகடு கிலோ கணக்கில் வருகிறது, எண்ணிக்கையில் வெட்டப்படுகிறது. கேஜ் என்பது தடிமனைக் குறிக்கும் எண்; எண் கூடினால் தகடு மெலிதாகும். எட்டுக்கு நாலு அடி, 20 கேஜ் தகடு ஒன்று ஏறத்தாழ 21 கிலோ. 22 கேஜ் என்றால் 16 கிலோ. தடிமனில் சிறிது வேறுபட்டாலும் ஒரு டன்னில் ஓரிரு தகடு கூடும், குறையும். மென்பொருளில் கிலோவை மட்டும் ஏற்றிவந்ததால், மாதக் கடைசியில் பட்டறையில் இல்லாத தகடுகள் திரையில் இருந்தன. இப்போது வண்டி இறங்கும்போதே எண்ணி, கிலோ, எண்ணிக்கை இரண்டையும் ஏற்றுகிறோம். மாலையில் மீதியை எண்ணிச் சுவரில் சாக்பீஸால் எழுதுகிறார்கள். சுவரும் திரையும் ஒத்துப்போகாவிட்டால் சுவரைத்தான் நம்புவேன்.

வெட்டுத் துண்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 96 அங்குலத் தகட்டில் 78 அங்குலம் போக 18 அங்குலம் மிஞ்சும். வெகுகாலம் அது காயலான் கடைக்குத்தான் போயிற்று. துண்டையும் ஒரு சரக்காகக் கணக்கில் எழுதத் தொடங்கிய பிறகுதான் எவ்வளவு போகிறது என்று கண்ணில் பட்டது. உள் லாக்கரின் அளவை அந்த 18 அங்குலத்துக்குள் அடங்கும்படி மாற்றிவிட்டோம். லாக்கருக்கென்று புதுத் தகடு வெட்டுவது நின்றது.

முதலில் வந்ததை முதலில் எடு என்று எல்லோரும் சொல்வார்கள். தகட்டில் அது தானாக நடக்காது. புதுத் தகட்டைப் பழையதன் மேல் அடுக்குவோம், மேலிருந்து எடுப்போம். அடியில் கிடப்பது ஓராண்டானாலும் அங்கேயே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் துருப்பிடிக்கும். இரண்டு அடுக்குமேடை போட்டு, ஒன்று தீரும்வரை மற்றதைத் தொடக்கூடாது என்று வைத்த பிறகுதான் இது தீர்ந்தது.

இனி அந்த மூன்றாவது மாற்றம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்காக முடித்து வைத்திருந்த 31 பீரோக்கள் முடங்கின. பெரும்பாலும் அடர் பழுப்பு நிறம். கடை திறந்தபோது வந்தவர்கள் வெளிர் நிறமும் இரட்டை நிறமும் கேட்டார்கள். தேய்த்து மறுபடி அடித்ததில் அந்த வருட லாபம் போயிற்று. தகட்டை வெட்டி, மடித்து, ஸ்பாட் வெல்டிங் செய்து, பட்டி பூசி, நிறத்துக்கு முந்தைய அடிப்பூச்சான ரெட் ஆக்சைடு பிரைமர் அடிப்பதோடு நிறுத்திக்கொண்டால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. நிறம், கைப்பிடி, கண்ணாடி மூன்றும் ஆர்டர் வந்த பிறகு. பிரைமர் நிலையில் நிற்கும் பீரோ எந்த வீட்டுக்கும் போகலாம்; பழுப்பு அடித்த பீரோ பழுப்பு கேட்பவர் வீட்டுக்கு மட்டுமே போகும். 2021 முதல் இப்படித்தான் செய்கிறோம். ஆர்டர் வந்த நான்காம் நாள் வண்டியில் ஏற்ற முடிகிறது.

இதனால் ஆடி மாதமே மாறிப்போனது. முன்பு ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை என்று நான்கு பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். அந்த இரண்டு மாதமும் அவர்கள் வட்டிக்கு வாங்கிச் சாப்பிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். இப்போது ஆவணிக்கும் தைக்கும் வேண்டிய பிரைமர் பீரோக்களை அந்த மாதங்களில் செய்கிறோம். ஏழு பேருக்கும் பன்னிரண்டு மாதமும் சம்பளம் உண்டு. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடும்பத்தோடு போய்த் தங்குபவர்களும், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகிறவர்களும் நிம்மதியாகப் போய்வருகிறார்கள். அந்த நாட்களின் உற்பத்தியை முன்கூட்டியே கழித்துத்தான் திட்டம் போடுகிறேன்.

குறை இல்லாமல் இல்லை. பிரைமர் முழுக் காப்பு அல்ல. ஈரம் உள்ளே போகும். இரண்டு மாதம் நின்ற பீரோவில் வெல்டிங் புள்ளிகளில் துரு எட்டிப் பார்த்தது. ஆகவே 40 நாள் என்று வரம்பு வைத்து, கதவின் உட்புறம் தேதி எழுதுகிறோம். ஒரு பீரோவில் சுமார் 6,000 ரூபாய் முடங்குவதால் 30க்கு மேல் நிறுத்துவதில்லை. மென்பொருளோ பாதி முடிந்த பொருளை அறியாது. பீரோ விற்ற பிறகுதான் தகட்டைக் கழித்தது. வங்கிக்கு மாதந்தோறும் கொடுக்கும் இருப்பு அறிக்கையில் வெட்டிய தகடும் வெட்டாததாகவே நின்றது. "பிரைமர் பீரோ" என்று தனிப் பொருள் உருவாக்கி அதைச் சரிசெய்தோம்.

2023 மார்கழி முதல் நாள், டிசம்பர் 17, தொடங்கிய பெருமழையை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. எங்கள் பட்டறையில் மழைநீர் முழங்கால் வரை நின்றது. மேசைக்கடியில் இருந்த கணினி போயிற்று. அடுக்குமேடையின் கீழ்த் தட்டிலிருந்த தகடுகள் அத்தனையும் வீண். ஆணியில் தொங்கிய அட்டைகளும், ஆள் உயரத்தில் எழுதியிருந்த சாக்பீஸ் எண்களும் அப்படியே இருந்தன. அவற்றை வைத்துத்தான் கணக்கை மறுபடி எழுதினேன். பூட்டு தீரவில்லை. பெயிண்டில் கலக்கும் தின்னர் தீர்ந்தது, தீப்பற்றும் பொருள் என்பதால் அதை அதிகம் வைப்பதில்லை, இனியும் வைக்கமாட்டேன்.

பவுடர் கோட்டிங், அதாவது பொடி பெயிண்டைப் பூசி அடுப்பில் சுடும் முறை, செய்கிறவர்களுக்கு இந்தப் பிரைமர் வழி உதவாது. பெயிண்ட் பிடிக்கவும் துருவைத் தடுக்கவும் கொடுக்கும் பாஸ்பேட் ரசாயனக் குளியல் முடிந்த தகட்டை உடனே பூசி அடுப்பில் ஏற்றியாக வேண்டும். அவர்கள் மடித்த பாகங்களை எண்ணெய் பூசி நிறுத்தலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் மூன்று மாதம் பூட்டுக்கு மட்டும் இரண்டு பெட்டி வைத்துப் பாருங்கள். கணினியை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். வாங்கினால் மேசைக்கு மேலே வையுங்கள்.