வேப் திரவம் கலக்க சிரிஞ்சா, தராசா?
வீட்டில் வேப் (இ-சிகரெட்) திரவம் கலப்பவர்களுக்கு என் ஓட்டு தராசுக்குத்தான். சிரிஞ்ச் மலிவு, கணக்கும் சுலபம், மில்லியைப் பார்த்து ஊற்றினால் போதும். ஆனால் அடிப்படைத் திரவமான கிளிசரின் பாகு மாதிரி கெட்டி, இழுக்க இழுக்கக் காற்றுக்குமிழிதான் ஏறும், உள்ளே ஒட்டியது ஒட்டியதுதான், அப்புறம் ஒவ்வொரு ஃப்ளேவருக்கும் தனிச் சிரிஞ்ச், கழுவியே பொழுது போய்விடும். தராசில் பாட்டிலை வைத்துப் பூஜ்யமாக்கி, சொட்டுச் சொட்டாக விட்டு, மறுபடி பூஜ்யமாக்கி அடுத்ததை விடலாம். 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும், சமையலறைத் தராசு உதவாது. ஒரு மில்லி கிளிசரின் 1.26 கிராம், இன்னொரு அடிப்படைத் திரவமான புரொப்பிலீன் கிளைக்கால் 1.04 கிராம், இதை மறந்தால் விகிதம் கோவிந்தா. கூடுதலாக விழுந்த சொட்டைத் திரும்ப எடுக்கவும் முடியாது, அது தராசின் குறைதான்.

நிக்கோட்டினுக்கு மட்டும் பிரிட்டனில் இந்தச் சண்டையே வேண்டாம். அங்கே மில்லிக்கு 20 மி.கி.தான் உச்சவரம்பு என்பதால் 18 மி.கி. செறிவில் 10 மில்லி குப்பியாகக் கிடைக்கிறது. நிக்கோட்டின் இல்லாத 50 மில்லி திரவத்தில் அப்படியே கவிழ்த்தால் மில்லிக்கு 3 மி.கி. வந்துவிடும். எதில் அளந்தாலும் சரி, கையுறை போடுங்கள், நிக்கோட்டின் தோல் வழியாகவும் உள்ளே போகும். ஃப்ளேவருக்காக எண்ணெய் கலந்த சமையல் எசன்ஸ் பக்கமே போகாதீர்கள்.