மிளகாய் நாற்று வாங்கப் போகிறவர்கள் விதைப் பாக்கெட்டையும் கேளுங்கள்

நாற்றுப்பண்ணையில் ஹைபிரிட் (வீரிய ஒட்டு) மிளகாய் நாற்று எடுக்கப் போகிற விவசாய நண்பர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டை நம்பிப் பச்சை மிளகாய் போடுகிறவன் நான். இந்தப் பட்டத்தில் இரண்டு ஹைபிரிட் ரகங்களைப் பக்கத்துப் பக்கத்தில் நட்டு, எது நமக்கு ஒத்துவரும் என்று பார்க்க நினைத்தேன். ஒன்று வெளிர்பச்சை நீளக் காய், பச்சையாக விற்க மட்டும். இன்னொன்று கரும்பச்சை, ஒல்லிக் காய், காரம் கூடுதல். விலை இறங்கினால் பழுக்கவிட்டு வற்றலாக்கலாம். இரண்டையும் ஒரே பண்ணையில் குழித்தட்டு நாற்றாக வாங்கினேன். பண்ணைக்காரர் பில்லில் "மிளகாய் நாற்று" என்று மட்டும் போட்டார். ரகத்தின் பெயரை எழுதச் சொன்னேன். "தட்டுலயே எழுதியிருக்கு அண்ணே, அதுக்கெல்லாம் பில்லுல இடம் இல்ல" என்றார்.

செடி நன்றாகத்தான் வந்தது. காய் இறங்கியபோதுதான் வயிறு எரிந்தது. ஒரே வரிசையில் ஒரு செடி மேல்நோக்கிக் காய்க்கிறது, பக்கத்துச் செடியில் காய் தொங்குகிறது, அதற்கடுத்தது குட்டையும் தடிப்பும். இரண்டு ரகம் நட்ட பாத்திகளிலும் இதே கதி. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் தட்டு மாறிவிட்டது என்று விடலாம். இப்படிச் செடிக்குச் செடி குணம் பிரிவது, ஹைபிரிட் காயிலிருந்து எடுத்த விதையைத் திரும்பப் போட்டால் வருவது. ஹைபிரிட் மிளகாய்க்கு ஹெக்டேருக்கு 200 முதல் 250 கிராம் விதைதான் தேவை, ஆனால் அந்த விதை நல்ல விலை. மாற்றிப் போட்டால் பண்ணைக்கு எவ்வளவு மிச்சம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மண்டியில் கலப்புக் காய் என்று ஒதுக்கி விலையைக் குறைத்தார்கள். பறிப்புக் கூலி, வண்டி வாடகை போகக் கையில் நின்றது சொற்பம். பண்ணைக்காரரிடம் கேட்டால் "கம்பெனி விதையே அப்படி" என்கிறார். விதை விற்பவரிடம் போனால் குவியல் எண் (லாட் நம்பர்) கேட்கிறார். அது பாக்கெட்டில் இருக்கிறது, பாக்கெட் பண்ணையில் இருக்கிறது, பண்ணைக்காரர் தர மறுக்கிறார்.

இன்னொரு பொய்யையும் சொல்லிவிடுகிறேன். "வைரஸே வராது" என்று சொல்லித்தான் இரண்டு ரகத்தையும் விற்றார். ஓரளவு தாங்கும் ரகங்கள் உண்டு; அறவே வராது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். இலை சிறுத்துச் செடியே குட்டையாகிவிட்டால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸாக இருக்கலாம். வலைக்குள் வளராத நாற்றென்றால் பண்ணையிலேயே தொற்றிவிடும். நாற்று நிற்கும் இடத்தை நேரில் பார்த்து, வலை கிழிந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

நாற்று விற்கவும் விதை விற்பனை உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் ரகம், குவியல் எண், காலாவதி நாள் மூன்றும் இருக்க வேண்டும். காலிப் பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள், தராவிட்டால் போட்டோவாவது எடுங்கள். மூன்றுக்கும் முகம் சுளிக்கிற பண்ணை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஏற்கெனவே என்னைப் போல மாட்டிக்கொண்டவர்கள் செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். காய் செடியில் இருக்கும்போதே விதை ஆய்வாளருக்கும் தோட்டக்கலை அலுவலருக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, வயலை வந்து பார்க்கச் சொல்லுங்கள். விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 1915 என்ற எண்ணில் அழைத்தால் வழி சொல்வார்கள். மண்டிச் சீட்டு, கூலிக் கணக்கு, தட்டில் எழுதியிருந்த பெயரின் போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து வைத்து நானும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதே பண்ணையில் வாங்கிய இன்னும் சிலர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள், அவர்களையும் சேர்த்தே போடப் போகிறோம்.